நஞ்சுக்கொடி விழும் வரை காத்திருக்காதீங்க!

போன வாரம் மாட்டுக்கு ஜுரம் பார்க்க தெர்மாமீட்டரை எங்கே வைக்கணும், எவ்வளவு நேரம் வைக்கணும்னு பார்த்தோம். இந்த வாரம் நிறைய பேரைத் தூங்க வைக்கிற பேப்பர். "இம்யூனாலஜி புக்கைத் திறந்தாலே கொட்டாவி வருது. ஐஜிஜி, ஐஜிஎம், டி செல், பி செல்... டாக்டர் பக்கத்துல நின்னு மாட்டைப் பிடிக்கப் போற எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" இது கால்நடை உதவியாளர் பயிற்சியில இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்ட கேள்விதான்.

நியாயமான கேள்வி. பதிலை புக்ல தேட வேணாம். ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போவோம், வாங்க.

இடம், இடையஞ்சாவடி. ஆரோவிலை ஒட்டி, வானூர் வட்டத்துல இருக்கிற செம்மண் ஊர். பேர்லயே இடையனும் இருக்கார், சாவடியும் இருக்கு. ராத்திரி ரெண்டு மணின்னு வச்சுக்கோங்க. ஒரு கலப்பின மாடு கன்னு போட்டு அரை மணி நேரம் ஆச்சு. கன்னுக்குட்டி எழுந்து நிக்கப் பார்க்குது, முட்டி மடங்கி விழுது, மறுபடி எழுந்திருக்குது. மடி எங்கேன்னு தேடி முட்டுது. பயிற்சி மாணவரான உங்களை, "நீ மாட்டு ஆஸ்பத்திரி படிப்புதானே படிக்கிற?"ன்னு பக்கத்து வீட்டுல எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்காங்க.

வீட்டுப் பாட்டி கன்னைத் தள்ளிக் கட்டச் சொல்றாங்க. "இன்னாத்துக்குத் தம்பி அவசரம்? நஞ்சு வுழட்டும். அதுக்கு முன்னாடி ஊட்டவுட்டா கன்னுக்கும் ஆவாது, மாட்டுக்கும் ஆவாது."

இப்போ நீங்க என்ன செய்யப் போறீங்க? பாட்டி அம்பது வருஷமா மாடு வளர்க்கிறவங்க. நீங்க மூணு மாசமா புக் படிக்கிறவங்க. பேசாம இருந்துட்டா உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனா அந்தக் கன்னு பத்தாம் நாள் கழிச்சல்லயே போயிடலாம். இம்யூனாலஜியோட பாதி சிலபஸ் அந்தக் கொட்டகையிலதான் இருக்கு.

காலி பாக்கெட்டோட பிறக்குது

நம்ம வீட்டுக் குழந்தை பிறக்கும்போது சும்மா பிறக்கிறதில்லை. கடைசி மூணு மாசத்துல அம்மாவோட ரத்தத்துல இருக்கிற ஐஜிஜி ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போயிடுது. அம்மா ஜெயிச்ச நோய்களோட லிஸ்ட் குழந்தை கையில இருக்கும்.

மாட்டுக்கு அந்த வசதி கிடையாது. தாயோட ரத்தத்துக்கும் கன்னோட ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற அடுக்குகள் மாட்டோட நஞ்சுக்கொடியில அதிகம். ஆன்டிபாடி பெரிய புரதம், அந்த அடுக்குகளைத் தாண்ட முடியாது. எருமை, ஆடு, பன்றி, குதிரை எல்லாத்துக்கும் இதே கதைதான். நாய், பூனைக்குக் கொஞ்சம் மட்டும் கர்ப்பத்துல கிடைக்கும், மீதி பால்ல.

அதனால கன்னு காலி பாக்கெட்டோட பிறக்குது. சொந்தமா நோய் எதிர்ப்பு செல்கள் இருக்கு. ஆனா அதெல்லாம் நேத்து வேலைக்குச் சேர்ந்த ஆளுங்க மாதிரி. தேவையான அளவு ஆன்டிபாடியைத் தானே தயாரிக்க வாரக்கணக்காகும். அதுவரைக்கும் அம்மா தர்ற கடன்தான் சோறு. அந்தக் கடனுக்குப் பேருதான் சீம்பால்.

கன்னு போடறதுக்கு முந்தின சில வாரங்கள்ல தாய் தன் ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடியை மடிக்கு அனுப்பிச் சேர்த்து வைக்குது. என்னென்ன ஆன்டிபாடி? அந்த மாடு இதுவரை சந்திச்ச கிருமிகளுக்கும், போட்டுக்கிட்ட தடுப்பூசிகளுக்கும் உரியது. அதாவது அந்தக் கொட்டகையோட நோய் வரலாறே அந்த மஞ்சள் பால்ல இருக்கு. போன வாரம்தான் சந்தையில வாங்கிட்டு வந்த சினை மாடுன்னா, இந்தக் கொட்டகைக் கிருமிகளைப் பத்தி அதுக்குத் தெரியாது. அந்த மாட்டுக் கன்னை நீங்க கூடுதலா கவனிக்கணும்.

சீம்பாலை அடுப்புல வச்சா ஏன் கட்டியாகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? சாதாரணப் பால் கொதிச்சா பொங்கும், கட்டியாகாது. சீம்பால்ல ஆன்டிபாடி உள்ளிட்ட புரதங்கள் மிக அதிகம், சூட்டுல அதெல்லாம் சேர்ந்து உறைஞ்சுடுது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு நாம ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடறோமே, அது கன்னுக்குட்டியோட தடுப்பு மருந்து. கன்னு வயிறு நிறைஞ்ச பிறகு மிச்சம் இருந்தா நாம சாப்பிடலாம், தப்பில்லை.

கேட் மூடுறதுக்குள்ள...

இப்போ ஒரு சந்தேகம் வரணும். ஆன்டிபாடி ஒரு புரதம். புரதம் வயித்துக்குள்ள போனா செரிச்சுத் துண்டு துண்டாத்தானே ஆகும்? நாம முட்டை சாப்பிட்டா ரத்தத்துல முட்டையா ஓடுது?

கரெக்ட். ஆனா பிறந்த கன்னோட குடலுக்கு ஒரு ஸ்பெஷல் பர்மிஷன் உண்டு. முதல் சில மணி நேரம் மட்டும் பெரிய புரதங்களை முழுசா அப்படியே ரத்தத்துக்குள்ள விடும். நேரம் போகப் போக அந்தக் கேட் கொஞ்சம் கொஞ்சமா மூடும். ஆறு மணி நேரத்துலயே நல்லாக் குறைஞ்சுடும், 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட மூடியே போயிடும். அதுக்கப்புறம் குடம் குடமா சீம்பால் குடுத்தாலும் அது உணவு மட்டும்தான். குடலுக்குள்ள கொஞ்சம் காவல் காக்கும், ரத்தத்துல ஏறாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. கேட் திறந்திருக்கும்போது ஆன்டிபாடி மட்டும்தான் உள்ளே வரும்னு இல்லை. சாணியும் அழுக்கும் ஒட்டின காம்பைச் சப்பினா கிருமியும் அதே வழியில நுழையும். யார் முதல்ல போறாங்கங்கிறதுதான் போட்டி. அதனால காம்பைக் கழுவித் துடைச்சுட்டு, முதல் ரெண்டு மூணு பீச்சலைத் தள்ளிட்டு, அப்புறம் கன்னை விடணும்.

இப்போ பாட்டியோட கணக்கைப் போட்டுப் பாருங்க. மாட்டுக்கு நஞ்சு விழ 12 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். அது இயல்புதான். ராத்திரி ஒன்றரை மணிக்குப் பிறந்த கன்னு, மத்தியானம் வரைக்கும் காஞ்சு கிடந்தா? கேட்ல பெரும்பகுதி மூடியாச்சு. மாட்டுக்கு ஒண்ணும் ஆகலை, கன்னுக்குத்தான் வாழ்க்கையே போச்சு.

அளவு? முதல் நாள்ல கன்னோட எடையில சுமார் பத்துல ஒரு பங்கு. 25 கிலோ கன்னுன்னா ரெண்டரை லிட்டர். அதுல பாதி பிறந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள, மீதி அடுத்த சில மணி நேரத்துக்குள்ள போயிடணும். கன்னு தானா எழுந்து குடிக்கலைன்னா கறந்து பாட்டில்ல குடுங்க. அவசரத்துல தலையை ரொம்பத் தூக்கி ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும், பொறுமை தேவை. தொப்புள் கொடிக்கு டிங்சர் அயோடின் மறக்காதீங்க. அதுவும் ஒரு திறந்த கேட்தான்.

தாய் மாடு செத்துப் போச்சு, இல்லை மடி நோய். அப்போ? வேற ஆரோக்கியமான மாட்டோட சீம்பால் குடுக்கலாம். விவரம் தெரிஞ்ச பண்ணைகள்ல மிச்ச சீம்பாலை ஃப்ரீசர்ல உறைய வச்சிருப்பாங்க. அதை வெதுவெதுப்பான தண்ணியில வச்சு உருக்கணும். அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டீங்கன்னா, ஆன்டிபாடி கெட்டு வெறும் இனிப்பில்லாத சீம்பால் பலகாரம்தான் மிஞ்சும்.

சொந்தப் படை தயாராகுது

கடன்ல எத்தனை நாள் ஓட்ட முடியும்? அம்மா குடுத்த ஆன்டிபாடி நாளாக நாளாகக் கரையும். அதுக்குள்ள கன்னு தன் படையைத் தயார் பண்ணணும். அந்தப் படையில ரெண்டு பிரிவு.

முதல் பிரிவு, எப்பவும் ரெடியா இருக்கிறது. தோல், கண்ணீர், எச்சில், வயித்து அமிலம், அப்புறம் கிருமியைப் பார்த்ததும் விழுங்கற வெள்ளை அணுக்கள். இவங்களுக்கு கிருமியோட பேரு, ஊரு எதுவும் தேவையில்லை. வேத்தாளா? அடி! அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்கே போனா மரக்காணத்துல உப்பளம் பார்க்கலாம். அங்கே பாத்திக்கு வரப்பு எப்படியோ, உடம்புக்குத் தோல் அப்படி. வரப்பு உடைஞ்சா உள்ளே இருக்கிற உப்புக்கு உத்தரவாதம் கிடையாது. நீங்க புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போடறதும், கொட்டகையைக் காய வைக்கிறதும் இம்யூனாலஜிதான்.

ரெண்டாவது பிரிவு, ஆளைப் பார்த்து அடிக்கிறது. பி செல் ஆன்டிபாடி தயாரிக்கும். டி செல்கள்ல சிலது கிருமி புகுந்த செல்லையே அழிக்கும், சிலது மத்த செல்களுக்கு ஆர்டர் போடும். புதுக் கிருமி வந்தா இவங்க தயாராக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முதல்ல ஐஜிஎம் வரும், பின்னாடியே ஐஜிஜி வரும். சண்டை முடிஞ்சதும் சில செல்கள் மட்டும் ஞாபகத்தோட தங்கிடும். அதே கிருமி மறுபடி வந்தா சில நாள்லயே, அதுவும் பல மடங்கு வேகத்தோட தாக்கும். நோய் வராமலேயே அந்த ஞாபகத்தை மட்டும் உண்டாக்குறதுதான் தடுப்பூசி. 'வாக்சின்'ங்கிற வார்த்தையே லத்தீன்ல பசுவைக் குறிக்கிற 'வாக்கா'விலிருந்து வந்தது. 1796-ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையை வச்சுத்தான் மனுஷனோட பெரியம்மையைத் தடுத்தார். நம்ம துறைக்கு இதை விட என்ன பெருமை வேணும்?

ஏன் நாலு மாசம் வரைக்கும் வெயிட்டிங்?

கோமாரி தடுப்பூசியை கன்னுக்கு நாலு மாசத்துல முதல் தடவை போடறோம், ஒரு மாசம் கழிச்சு பூஸ்டர், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. "சின்னதுலயே போட்டா நல்லதுதானே, ஏன் காத்திருக்கணும்?"னு யாராவது உங்ககிட்ட கேட்பாங்க.

காரணம் அதே சீம்பால்தான்! தடுப்பூசி போட்ட தாயோட சீம்பால் குடிச்ச கன்னு உடம்புல கோமாரிக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே சுத்திக்கிட்டிருக்கும். நீங்க போடற மருந்தை அது கிருமின்னு நினைச்சுப் பிடிச்சு முடிச்சுடும். கன்னோட சொந்தப் படைக்கு அந்த எதிரியைப் பார்க்கவே சான்ஸ் கிடைக்காது. அம்மாவே பிள்ளைக்கு ஹோம்வொர்க் எழுதிக் குடுத்தா பிள்ளை எப்படிப் படிக்கும்? அம்மா கை கொஞ்சம் தளரணும், அப்போதான் பாடம் ஏறும்.

நாய்க்குட்டிக்கு பார்வோ ஊசியை ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவையா 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடறதும் இதனாலதான். எந்தக் குட்டிக்கு அம்மா ஆன்டிபாடி எந்த வாரம் தீரும்னு வெளியில இருந்து தெரியாது. "ஒரு ஊசி போட்டாச்சே, போதாதா?"னு கேட்கிற ஓனருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கிறவங்க பெரும்பாலும் நீங்கதான். நடுவுல விட்டுட்டுப் போற குட்டிதான் அப்புறம் ரத்தக் கழிச்சலோட வந்து டேபிள்ல படுக்கும்.

இன்னொண்ணு. ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துடாது. பக்கத்துத் தெருவுல கோமாரி வந்த பிறகு ஓடி வந்து போடச் சொன்னா, படை தயாராகிற நாள்களை யார் குடுப்பாங்க? 2019-ல் தொடங்கின தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துல ஊர் ஊரா கோமாரி ஊசி போட வர்றது அந்த நாள்களை முன்கூட்டியே சம்பாதிக்கத்தான்.

பெட்டிக்குள்ள இருக்கிற உசுரு

தடுப்பூசி மருந்தை 2-லிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள்ள வைக்கணும்னு எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா மே மாச வெயில்ல, தெர்மோகோல் பெட்டியை பைக் பின்னாடி கட்டிக்கிட்டு வீடு வீடாப் போகும்போது? ஒவ்வொரு வீட்டுலயும் பெட்டியைத் திறந்து வச்சுட்டு அரட்டை அடிச்சா மருந்து சூடாகும். "கூலிங் பத்தலை"ன்னு கோமாரி மருந்தை ஐஸ் மேலயே வச்சு உறைய விட்டாலும் கெட்டுடும். ரெண்டுலயும் பாட்டில் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஊசி போட்டீங்க, காது டேக்ல இருக்கிற 12 இலக்க எண்ணைப் பதிவும் பண்ணீங்க. கணக்குல மாடு பாதுகாப்பா இருக்கு, உடம்புல இல்லை. இந்தத் தப்பு வெளியில தெரியற அன்னிக்கு ஊரே கோமாரியில நிக்கும்.

ஊசி போட்டதும் அடுத்த வீட்டுக்குப் பறக்காதீங்க. அபூர்வமா சில மாட்டுக்கு அலர்ஜி வரும். மூச்சு வாங்கும், முகம் வீங்கும், தள்ளாடும். அது வந்தா நிமிஷக் கணக்குதான், டாக்டர் கையில அட்ரினலின் இருக்கணும். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போங்க.

வட ஆற்காட்டில் முடிஞ்ச கதை

இவ்வளவு மெனக்கெட்டா என்ன கிடைக்கும்? வெக்கை நோய்னு ஒண்ணு இருந்தது. வந்தா மந்தை மந்தையா மாடு சாகும். 1920-களில் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்துல எட்வர்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி அந்த வைரஸை ஆட்டு உடம்புல திரும்பத் திரும்பச் செலுத்தி வலுவிழக்க வச்சு தடுப்பு மருந்து ஆக்கினார். நம்ம ராணிப்பேட்டையில 1932-ல் தொடங்கின கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தென்னாட்டுக்கு மருந்து தந்தது. இந்தியாவுல கடைசியா வெக்கை வந்தது 1995 ஜூன்ல, நம்ம தமிழ்நாட்டு வட ஆற்காடு பக்கம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். "நோய் இல்லை"ன்னு நிரூபிக்க, ஊசி போடறதையே நிறுத்தினாங்க! ஏன்? ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடி ஊசியால வந்ததா, நோயால வந்ததான்னு அப்போ பிரிச்சுப் பார்க்க முடியாது. ஊசி நிறுத்தின பிறகு பிறந்த கன்னுகள்ல ஆன்டிபாடி இருந்தா, எங்கேயோ வைரஸ் ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆயிரக்கணக்கான கிராமங்கள்ல ரத்தம் எடுத்துத் தேடினாங்க. 2006-ல் இந்தியா வெக்கை இல்லாத நாடு ஆச்சு, 2011-ல் உலகமே ஆச்சு. மனுஷனோட பெரியம்மைக்கு அப்புறம் உலகத்துலயே ஒழிஞ்ச ரெண்டாவது நோய் இதுதான். கழுத்து நரம்பைத் தேடி ரத்தம் எடுத்துக் குடுத்தவங்க, ஐஸ் பெட்டி சுமந்தவங்க பேரெல்லாம் எந்த புக்லயும் இல்லை. ஆனா உங்க ஜாதிக்காரங்க அவங்கதான்!

உங்க உடம்பும் உடம்புதான்

மாட்டைப் பத்தியே பேசிட்டோம். உங்களுக்கு ரேபிஸ் ஊசி போட்டாச்சா? இந்த வேலையில இருக்கிறவங்க கடி வாங்கிறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். கடி வாங்கினா முதல்ல சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், அடுத்து ஆஸ்பத்திரி. ஆழமான கடின்னா, முன்னாடி ஊசி போடாதவங்களுக்கு காயத்துலயே ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் போட்டு, தடுப்பூசியும் போடுவாங்க. ஏன் ரெண்டும்? தடுப்பூசியால சொந்தப் படை எழும்ப நாளாகும், அதுவரைக்கும் கடன் ஆன்டிபாடி. சீம்பால் லாஜிக்கேதான்!

அதே மாதிரி, நாலுலிருந்து எட்டு மாசக் கிடாரிக் கன்னுக்குப் போடற புரூசெல்லா ஊசி உயிருள்ள கிருமி. தவறிப் போய் உங்க விரல்ல குத்தினாலோ, கண்ணுல தெறிச்சாலோ உங்களுக்கே நோய் வரலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் தொடணும். பட்டுடுச்சுன்னா மறைக்காம உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம். பாட்டி இன்னும் கன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நீங்க ஐஜிஜி, குடல் கேட்னு லெக்சர் அடிச்சா, "போடா, நேத்துப் பொறந்தவனே"ன்னுடுவாங்க. தேவையில்லை. இதைச் சொல்லுங்க: "பாட்டி, நீங்க நஞ்சைப் பத்திதானே கவலைப்படறீங்க? கன்னு மடியில முட்டிக் குடிச்சா மாட்டுக்குக் கர்ப்பப்பை சுருங்கும். நஞ்சு விழ அதுவே ஒத்தாசை."

இது சமாளிப்பு இல்லை, நிஜம். கன்னு ஊட்டும்போது தாய் உடம்புல ஆக்ஸிடோசின் சுரக்கும். பாலையும் இறக்கும், கர்ப்பப்பையையும் சுருக்கும். 12 மணி நேரம் தாண்டியும் விழலைன்னா, பிடிச்சு இழுக்கவோ கல்லைக் கட்டித் தொங்க விடவோ வேணாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்லை 1962-க்கு ஃபோன் பண்ணுங்க.

பாட்டி கொஞ்ச நேரம் உங்க மூஞ்சியையே பார்ப்பாங்க. அப்புறம் கயிறு தளரும். கன்னு தள்ளாடிப் போய் காம்பைப் பிடிக்கும், வால் ஆட ஆரம்பிக்கும். மணி ரெண்டேகால். கேட் இன்னும் திறந்துதான் இருக்கு.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க தெருவுல கடைசியா கன்னு போட்ட வீட்டுக்குப் போய், பிறந்து எத்தனை மணி நேரத்துல சீம்பால் குடுத்தாங்கன்னு கேட்டு நோட்டுல எழுதுங்க. சண்டை போடாம கேளுங்க!

அடுத்த வாரம்: கடிக்கிற நாய்க்கு வாய்க்கட்டு போடறது எப்படி? விரல் பத்திரம், சந்திப்போம்!